ஜும்ஆ நேரத்து வாடகை

என் புருசன் மௌத்தாகி ஒரு கிழமை முடியவில்லை. வெள்ளைச் சீலையை உடுத்தி என்னை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் போர்வை அடித்தாயிற்று. காக்கா உள்ளே வந்தார். கூடப்பிறந்தவர் என்பதால் அவர் வருவதற்குத் தடையில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். மௌத்தானவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன்.

"வாடகைய இனி ஆரு எடுக்கிற?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண் எவனும் அவளைப் பார்க்கக் கூடாது. இதில் மார்க்கம் சொன்னது கொஞ்சம், ஊர் தன் பாட்டில் சேர்த்துக்கொண்டது நிறைய. அவள் குரல் வெளியே கேட்கக் கூடாது என்பது ஊர் சேர்த்தது. கண்ணாடி பார்க்கக் கூடாது, போனில் ஆண்களோடு கதைக்கக் கூடாது என்பதும் அப்படித்தான். புருசன் செத்த துக்கத்தோடு இவ்வளவையும் ஒருத்தி சுமக்க வேண்டும். சுமக்காவிட்டால் அவளுக்குத் துக்கமே இல்லை என்று சொல்வார்கள்.

எங்கள் வளவு கல்முனையில், பெரிய தெருவிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. என் வாப்பா எனக்குச் சீதனமாக எழுதிய காணி. அதில் என் புருசன் வரிசையாக மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டார். காணி உறுதிப் பத்திரம் என் பெயரில். முதல் வீட்டில் ஒரு பாடசாலை ஆசிரியர் மனைவியோடு இருந்தார். வெளியூர்க்காரர், தாடி வைத்த மனிதர், எல்லோரும் 'சேர்' என்பார்கள். நடு வீட்டில் ஓட்டோ ஓட்டுகிறவனும் மனைவியும் பிள்ளைகளும். கடைசி வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண். அவள் புருசன் கட்டாரில்.

என் புருசன் வாடகை வாங்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும். மாதம் பிறந்தால் அஸர் தொழுதுவிட்டு மூன்று வீட்டுப் படியும் ஏறுவார். தேத்தண்ணி குடிப்பார். அவர்கள் சொல்லும் கதையெல்லாம் கேட்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாதி வாங்குவார். மாமியார் ஆஸ்பத்திரியில் என்றால் அதுவும் இல்லை. முன்பு இருந்த ஒருவனின் மாமியார் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் எப்போதோ மௌத்தாகிவிட்டாள் என்று அவன் வீட்டைக் காலி பண்ணிப் போன பிறகுதான் தெரிந்தது. மையித்து வீட்டில் எல்லோரும் "நல்ல மனிசன், நல்ல மனிசன்" என்றார்கள். பாக்கி வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னார்கள்.

அந்த வாடகை எனக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூத்த மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிக் கொடுத்தாயிற்று. இளையவளுக்கு வளவின் பின்பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். சுவர் எழும்பி நின்றது, கூரை இல்லை. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருவான், கலியாணம் முடிந்து அந்த வீட்டில்தான் குடியிருப்பான். வீட்டைப் பார்த்த பிறகுதான் பெண்ணையே பார்ப்பார்கள். சாய்ந்தமருதில் ஒரு இடம் பேசி வைத்திருந்தது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. மாரி மழை தொடங்கும் நேரம் லீவில் வருவதாக இருந்தார். அதற்கு முன் கூரை போட்டாக வேண்டும். மாப்பிள்ளையின் உம்மா என் புருசனின் மையித்துக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கூரைக்கு எப்ப மரம் ஏத்திற மதினி?" என்று கேட்டாள். மையித்து அப்போது கூடத்தில் கிடந்தது.

அதனால் காக்கா கேட்ட கேள்வி எனக்கும் இருந்த கேள்விதான். ஆனால் அவர் கேட்ட விதம் பிடிக்கவில்லை.

"நான் எடுத்துத் தாறன். நீ ஒண்டையும் யோசியாத. ஓதிட்டு இரி" என்றார்.

சரி என்றேன். வேறு வழி அப்போது தெரியவில்லை. காக்காவுக்குக் கல்முனைக் கடைத்தெருவில் ஹாட்வெயார் கடை. ஹஜ் செய்தவர். ஊரில் மதிப்பு. அவர் கேட்டால் ஒருவனும் மாமியார் கதை சொல்ல மாட்டான் என்று நினைத்தேன்.

முதல் மாதம் கொஞ்சம் கொண்டுவந்து தந்தார். "மலகூடக் குழி நிறைஞ்சிட்டு. அள்ள வெச்சன்" என்றார். அடுத்த மாதம் அதைவிடக் குறைவு. சேர் இன்னும் தரவில்லை என்றார். ஓட்டோவுக்கு என்ஜின் வேலை என்றார். கட்டாரில் சம்பளம் வரவில்லை என்றார். என் புருசன் கேட்டு வந்த கதைகளை அப்படியே இவரும் கொண்டுவந்தார். ஒரு வித்தியாசம், என் புருசன் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். இவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கூரைக்குக் காசு வேணும் காக்கா" என்றேன்.

"இத்தாவில இரிக்கிற பொம்புளைக்கு என்னத்துக்குப் புள்ள இப்ப காசு? உடுப்பா, நகையா, பவுடரா? கூரை ஓடியா போகுது?"

அவர் போன பிறகு இளைய மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு யோசித்தேன். வாடகையை எப்படி என் கைக்குக் கொண்டுவருவது? நான் போக முடியாது. மூத்த மகளின் புருசனை அனுப்பலாம். அவர் அந்தச் சேரிடம் படித்தவர். சேரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். ஒருதரம் அனுப்பிப் பார்த்தேன். போய், சலாம் சொல்லி, அவர்கள் வீட்டு மாமரத்துக்கு மருந்தடிப்பதைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அது எங்கள் மாமரம்.

"வாடகையக் கேட்டீங்களா தம்பி?"

"எப்பிடி மாமி கேக்கிற? அவர் எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர்."

"அப்ப கணக்குத் தெரிஞ்சவர்தானே" என்றேன். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அப்படிப்பட்ட ஆள்.

பிறகு வங்கி. புருசன் பெயரில் இருந்த கணக்கை அவர் போனதும் முடக்கிவிட்டார்கள். இளையவளுக்குப் படிக்கிற காலத்தில் திறந்த கணக்கு ஒன்று இருந்தது. அதன் இலக்கத்தை மூன்று வீட்டுக்கும் போனில் அனுப்பினாள். ஓட்டோக்காரன் தனக்கு வங்கிப் பழக்கம் இல்லை, கையிலேயே தருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். கட்டார்க்காரன் மனைவி அழுகிற முகப் படம் ஒன்றை அனுப்பினாள். சேர் குரல் பதிவு அனுப்பினார். பிஸ்மில்லாஹ்வில் தொடங்கி நிதானமாகப் பேசினார். வங்கிக் கொடுக்கல் வாங்கலில் வட்டி கலந்துவிடும், நாம் பேணுதலாக இருக்க வேண்டும், தங்கை இதை உம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றார். கடைசியில், இத்தாவில் இருக்கிறவரை உலக விசயங்களால் கஷ்டப்படுத்தக் கூடாது என்று எனக்காகக் கவலையும் பட்டார்.

"இவர்ட சம்பளத்த அரசாங்கம் என்ன, ஆகாயத்திலருந்தா போடுது?" என்று மகளிடம் கேட்டேன். "அதுவும் பேங்குக்குத்தானே வருது?"

"எனக்கென்ன தெரியும் உம்மா. என்னோட பாயாதீங்க."

அந்த வெள்ளிக்கிழமை பாயில் படுத்துக் கிடந்தபோது எனக்கு வழி கிடைத்தது. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லி முடிந்தால் எங்கள் ஊரில் தெருவில் ஒரு ஆண் இருக்க மாட்டான். கடைகளை இழுத்துச் சாத்திவிடுவார்கள். ஓட்டோக்கள் பள்ளிக்கு முன்னால் வரிசையாக நிற்கும். குத்பா முடிந்து தொழுது கலையும்வரை ஒழுங்கைகள் பெண்களுடையவை. தலைத்துண்டைச் சரியாகப் போடாமல் வேலியில் நின்று கதைப்பது அப்போதுதான். என் அறைக்கு வர அந்நிய ஆணுக்குத்தான் தடை. அவர்களின் மனைவிமாருக்கு என்ன தடை?

மகளிடம் சொல்லி அனுப்பினேன். இனிமேல் வாடகையை வீட்டுப் பெண்கள் கொண்டுவர வேண்டும். மாதத்தின் முதல் வெள்ளி, ஜும்ஆ நேரம், என் கையில். மூவரும் ஒன்றாக வர வேண்டும்.

ஒன்றாக வரச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தனித்தனியே வந்தால் தனித்தனியே கதை சொல்வார்கள். பக்கத்தில் ஒருத்தி முழுசாக எண்ணி வைக்கும்போது மற்றவளுக்குப் பாதியை நீட்டக் கை கூசும். கூசட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். வெட்கம் இருக்கிற ஆளிடம்தான் வெட்கத்தை வைத்து வாங்க முடியும்.

முதல் வெள்ளி இரண்டு பேர் வந்தார்கள். சேரின் மனைவிக்குத் தலையிடி என்று செய்தி வந்தது. ஓட்டோக்காரன் மனைவி வாயாடி. வந்ததும் சலாம் சொல்லி, பாயில் சம்மணம் போட்டு இருந்துகொண்டு, காசை என் மடியில் வைத்தாள்.

"எண்ணிப் பாருங்க ராத்தா. முழுசா இரிக்கி. உங்கட மனிசன் எண்ணவே மாட்டார். பாவம், அவருக்கு ஒருக்கா குறைச்சும் குடுத்திட்டன்."

"அப்ப அதையும் சேத்துத் தா."

"அல்லாவே, பகிடிக்குச் சொன்ன ராத்தா!"

"நான் பகிடிக்குக் கேக்கல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. புருசன் போனபின் நான் சிரித்தது அன்றைக்குத்தான். வெளியில் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கதை கட்டியிருப்பார்கள்.

கட்டார்க்காரன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலோடு இருந்தாள். கையில் பாதி வாடகைகூட இல்லை.

"அவருக்குக் கம்பனியால சம்பளம் போடல்ல ராத்தா. வந்ததும் முதல் உங்களுக்குத்தான்."

"அப்ப நீ என்னத்தத் திங்கிற?"

"உம்மா அரிசி அனுப்பிற."

"அரிசி வாற வீட்டுக்கே போயிரலாமே. என்னத்துக்கு ரெண்டு வீட்டுக்காரரையும் கஷ்டப்படுத்திற?"

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அது அழவேயில்லை. சும்மா தட்டினாள்.

"என்ன ராத்தா நீங்க, இப்பிடியா சொல்ற?" என்றாள் மற்றவள்.

"நீ உன்ட வாடகைய குடுத்தாச்சா? அப்ப வாய மூடிட்டு இரி."

மூடிக்கொண்டாள். பள்ளியிலிருந்து ஒலிபெருக்கியில் குத்பா கேட்டுக்கொண்டிருந்தது. அண்டை வீட்டாரின் உரிமைகள் பற்றி மௌலவி பேசினார். நாங்கள் மூவரும் கேட்டோம். அவள் தந்ததை நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதத்து வெள்ளிக்குள் அவள் போய்விட்டாள். ஓட்டோக்காரன் மனைவிதான் வந்து சொன்னாள்.

"காலையில சாமான ஏத்திட்டா ராத்தா. நற்பிட்டிமுனைக்கு, உம்மா வீட்ட. வீட்டுத் திறப்ப உங்களிட்டக் குடுக்கச் சொன்ன."

"பாக்கி?"

"திறப்பத்தான் தந்த."

"திறப்ப வெச்சுக் கூரை போட ஏலுமா?" என்றேன். அவள் அந்தச் சாவியைப் பாயில் வைத்துவிட்டுத் தன் வாடகையை எடுத்து முழுசாக வைத்தாள். அன்றைக்குப் பகிடி ஒன்றும் விடவில்லை.

அந்த நேரத்தில் இத்தாவுக்குப் பார்க்கவென்று ஒழுங்கைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். இத்தா இருப்பவளைப் பார்க்க வந்தால் போகும்போது கையில் கொஞ்சம் காசை ஸதக்காவாக மடித்து வைப்பது எங்கள் வழக்கம். இல்லாதவளுக்கு அது உதவி. இருப்பவளுக்கும் வைப்பார்கள், நன்மை கிடைக்குமே என்று. அவர்களுக்குப் பின்னால் சேரின் மனைவி வந்தாள். புது அபாயா, கையில் நல்ல பை. எல்லோருக்கும் சலாம் சொல்லி, எனக்குப் பக்கத்தில் வந்து முழங்காலிட்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்து, மடித்த தாளை உள்ளே வைத்து விரல்களை மூடினாள்.

"வெச்சுக்கங்க ராத்தா. அல்லாஹ் உங்கட கஷ்டத்த லேசாக்கட்டும்."

சுற்றியிருந்தவர்கள் "ஆமீன்" என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நான் கையை விரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு ஆயிரம் ரூபாய்த் தாள்.

"இது என்னது புள்ள? வாடகையா, ஸதக்காவா?"

அவள் சிரித்த முகத்தோடு அப்படியே இருந்தாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். "வாடகையெண்டா இது தலைவாசலுக்கும் காணாது. ஸதக்காவெண்டா ஆள் மாறி வந்திட்டாய். குடியிருக்கிறவ வீட்டுக்காரிக்கு ஸதக்கா குடுத்த கதைய இண்டைக்குத்தான் கேக்கிறன்."

நான் நினைத்தது நடந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகம் கறுத்தது. அத்தோடு எழும்பிப் போயிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் அவள் எழும்பவில்லை.

"வாடகை எப்பயோ குடுத்தாச்சே ராத்தா" என்றாள், நிதானமாக. "உங்கட காக்காட கையில. ஒரு வருசத்துக்குச் சேத்து. மொத்தமாத் தந்தாக் குறைச்சித் தாறன் எண்டு அவர்தான் சொன்ன. என்ட வளையல வித்துத்தான் குடுத்தம். உங்களுக்குத் தெரியாதா?"

இவ்வளவு பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அவளை வெட்கப்படுத்தப் போன இடத்தில், கூடப்பிறந்தவன் என்னைத் தின்ற கதையை அவள் எடுத்து நடுப்பாயில் போட்டாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பாயின் கோரையைப் பார்த்தார்கள். அது பார்ப்பதைவிட மோசம். சேர் வட்டிக்குப் பயந்து வங்கியை வேண்டாம் என்ற காரணமும் அப்போதுதான் புரிந்தது. இரண்டு தரம் கொடுக்க யாருக்குத்தான் விருப்பம்?

"காக்காதானே புள்ள. எங்க போயிரும்" என்றாள் ஒருத்தி, ஆறுதலாக.

"உன்ட காக்காவ வெச்சு நீ அப்பிடி இரி" என்றேன். அவர்களும் எழும்பிப் போனார்கள். போகும்போது ஒருத்தியும் கையில் எதையும் வைக்கவில்லை.

காக்காவை வரச்சொன்னேன். அஸருக்குப் பிறகு வந்தார். மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"ஓம், வாங்கின. கடைக்குச் சாமான் போடக் காசு குறைஞ்சி. திருப்பித் தராம எங்க போகப் போறன்? நான் என்ன அந்நியனா?"

"அந்நியனெண்டா என்னட்டக் கேட்டிட்டு எடுத்திரிப்பான்."

"கதைய நீட்டாத."

"நீட்டல்ல. உங்கட கடையில கூரைத் தகடு இரிக்கி. மரம், ஆணி, சீமெந்து எல்லாம் இரிக்கி. அந்தக் காசுக்குக் கழிச்சி சாமானாத் தாங்க. நாளைக்கே தாங்க."

"அது கடனுக்கு எடுத்த சாமான் புள்ள. இத்தா முடியட்டும், ஆறுதலாக் கதைப்பம்."

"மாரி எனக்காக இத்தா இரிக்குமா?"

"சத்தம் போடாத" என்றார். "வெளிய ஆம்பிளைகள் போறாங்க. மானம் போகும்."

எடுத்தவர் அவர், மானம் போவது என் சத்தத்தால்! என் குரல் வெளியே கேட்கக் கூடாது என்று ஊர் சேர்த்துக்கொண்டதன் பயன் யாருக்கு என்று அப்போது தெரிந்தது.

மகளிர் மதரஸாவில் படிப்பிக்கிற ஆலிமா ஒருத்தி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவளுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். இத்தா இருப்பவள் முடியாத தேவைக்குப் பகலில் வெளியே போகலாமா?

"தேவைக்குப் போகலாம் ராத்தா. வேற ஆளில்லாட்டி, பகல்ல, மறைவாப் போய் வரலாம். ஆனா ஊரு ஏத்துக்காது."

"ஊருட்ட நான் கேக்கல்ல."

அடுத்த நாள் காலை பத்து மணி போல ஓட்டோக்காரனை வரச் சொன்னேன். அவன் மனைவியும் பக்கத்தில் ஏறினாள். அவளை ஏறச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இதைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. பக்கத் திரைகளை இறக்கிக் கட்டினான். இளையவள் வாசலில் நின்றாள்.

"போகாதீங்க உம்மா" என்றாள்.

"உன்ட கூரைக்குத்தான் போறன்."

கல்முனைக் கடைத்தெரு அந்த நேரம் நெரிசல். பஸ்களின் சத்தம், மீன்காரரின் சத்தம். காக்காவின் கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தினான். நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து வந்த விவசாயிகள் சிலர் மண்வெட்டி பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இறங்கவில்லை. என் வெள்ளைச் சீலையின் ஓரத்தை மட்டும் திரைக்கு வெளியே தொங்க விட்டேன். அது போதும். எங்கள் ஊரில் அந்த வெள்ளை என்ன என்று யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஓட்டோக்காரன் உள்ளே போய் ஆட்களுக்கு மேலால் சத்தமாகச் சொன்னான். "ஹாஜியார், உங்கட தங்கச்சி வந்திரிக்கா. இத்தாவோட."

காக்கா ஓடி வந்தார். நிறுவைத் தட்டு கையோடு வந்தது. சீலை ஓரத்தைக் கண்டதும் அதைப் பிடித்து உள்ளே தள்ளினார். நான் திரும்ப வெளியே விட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று திரைக்கு வாயை வைத்துக் கேட்டார்.

"சாமான ஏத்துங்க. போறன்."

"நாளைக்கு அனுப்பிறன். வல்லாஹி அனுப்பிறன்."

"இறங்கட்டா?"

"புள்ள, ஆக்கள் பாக்கிறாங்க..."

"இறங்கட்டா காக்கா?"

"ஆரு ஹாஜியார் உள்ள?" என்று வெளியே ஒரு குரல் கேட்டது.

"ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல. சாமான் எடுக்க ஆள்" என்றார். பிறகு கடைப் பக்கம் திரும்பிப் பெடியன்களைக் கூப்பிட்டார். சாமான் ஏற்றுகிற லேண்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கொண்டுவரச் சொன்னார். தகடு ஏறியது. மரம் ஏறியது. ஆணிப் பெட்டியும் சீமெந்தும் ஏறின. ஓட்டோக்காரன் மனைவி திரை இடுக்கால் பார்த்துப் பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்கு வைத்துப் பார்த்தால் சேர் கொடுத்ததற்கும் மற்ற வீட்டு வாடகையில் காக்கா முதல் இரண்டு மாதம் தின்றதற்கும் சரியாக வந்தது. ஒரு ஆணிகூட மேலதிகமாக நான் கேட்கவில்லை. லேண்ட்மாஸ்டரை முன்னால் விட்டுப் பின்னால் நாங்கள் வந்தோம்.

மேசன்மார் வந்து மாரிக்கு முன்னே கூரையைப் போட்டு முடித்தார்கள். முதல் மழை பெரிதாகவே பெய்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

காக்கா அத்தோடு என் படி ஏறவில்லை. அவர் மனைவி வீடு வீடாகப் போய், நான் இத்தாவை முறித்துக்கொண்டு கடைத்தெருவில் ஆண்களோடு சண்டை பிடித்ததாகச் சொன்னாள். நான் ஓட்டோவை விட்டு இறங்கவேயில்லை. ஆனால் கதையில் நான் இறங்கினேன், கடைக்குள் போனேன், காக்காவின் சட்டையையும் பிடித்தேன். அவர் காசு கட்டிய வருடம் முடிந்ததும் சேரை வீட்டிலிருந்து எழுப்பினேன். "நாங்க எவ்வளவு நல்லா இருந்தம் ராத்தா" என்றாள் அவர் மனைவி. அது அவள் சொல்லிப் பார்த்தது.

இத்தா முடிந்த கிழமையே மாப்பிள்ளையின் உம்மா வந்தாள். மகன் துபாயிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். அவரை அழைத்து வரவில்லை. புது வீட்டுக்குள் போய், அறை அறையாகப் பார்த்து, தலையை நிமிர்த்திக் கூரையையும் பார்த்துவிட்டு வந்தாள். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"வீடு நல்ல வடிவா இரிக்கி மதினி. ஆனா எங்கட மனிசர் விரும்பிறாங்க இல்ல."

"ஏன்?"

"தாய் இத்தாவோட கடைத்தெருவுக்குப் போன வீட்டில பொண்ணெடுத்தா, நாளைக்கு நாலு பேர் கதைப்பாங்க எண்டு..."

"நான் போகாட்டி இந்தக் கூரை இல்ல. கூரை இல்லாம எடுத்திரிப்பீங்களா?"

கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை போல.

"அதுவும் இல்லதான்" என்றாள். சலாம் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு நிலைமை அப்படியே திரும்ப வந்தாலும் நான் ஓட்டோவைத்தான் வரச் சொல்வேன். ஆனால் இளையவள் புது வீட்டின் நடு அறையில் நின்றுகொண்டிருந்தாள். தகட்டில் மழை விழுகிற சத்தத்தில் அவள் சொன்னது முதலில் கேட்கவில்லை. கிட்டப் போனேன்.

"ஒரு மாசம் பொறுத்திரிக்கலாம் உம்மா."

"பொறுத்திருந்தா மழை வந்திரிக்கும்."

"மழைதானே உம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. அந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கிய மறுமாதமே அவள் அதை வாடகைக்கு விட்டாள். என்னிடம் கேட்கவில்லை. காரியாலயத்தில் வேலை செய்யும் புருசன் மனைவி இருவர் வந்திருக்கிறார்கள். வாடகை போன் வழியாக அவள் கணக்குக்குப் போகிறது. யாரும் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை, தேத்தண்ணி இல்லை, மாமியார் கதை இல்லை. நான் நினைத்த எல்லா வழியையும்விட நல்ல வழிதான். எவ்வளவு வருகிறது என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் புரோக்கர் ஒருவர் வந்தார். அட்டாளைச்சேனையில் ஒரு மாப்பிள்ளை, கடை வைத்திருக்கிறாராம், பழைய கதைகளைப் பெரிதாக எடுக்காத குடும்பமாம். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கொடியில் வேறு ஆட்களின் உடுப்பு காய்ந்தது.

"வீட்ட வாடகைக்கா விட்டிரிக்கிற? அப்ப மாப்பிள எங்க வந்து இரிக்கிற?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்ல முன் உள்ளறையிலிருந்து மகள் சொன்னாள், ஒழுங்கைக்கே கேட்கிற சத்தத்தில்.

"வந்து இரிக்கட்டும். மாசம் பிறந்தா வாடகையப் போடட்டும்."

புரோக்கர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவளை அதட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போல. நான் அதட்டவில்லை. பாதிக் கோப்பைத் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.